சத்தம் முதலில் வந்ததா, பக்கெட் முதலில் பட்டதா

கட்டடம் இடிந்து விழும் வீடியோ ஒன்று உங்கள் மேசைக்கு வந்து சேரும்போது ஊரே அதைப் பார்த்துத் தீர்ப்பும் எழுதி முடித்திருக்கும். டீக்கடையில் எழுதியிருப்பார்கள். தொலைக்காட்சியில் சிவப்பு வட்டம் போட்டு, பின்னணியில் மத்தளம் தட்டி எழுதியிருப்பார்கள். உங்களிடம் வருவது கேள்வி அல்ல, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்ட பதில். தடய அறிவியல் கூடத்தின் இயற்பியல் பிரிவில் இத்தனை வருடம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வும் வாங்கிக்கொண்டு செங்கல்பட்டில் வீட்டோடு இருக்கிறேன். இந்த ஒரு எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கருவிகளைப் பற்றி எழுதப் போவதில்லை. அவற்றோடு வரும் கையேட்டை நீங்களே படித்துக்கொள்ளலாம். ஒரு வழக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாமல்லபுரத்தில் ஒரு மூன்று மாடி விடுதி. முன்பக்கம் தூண் எழுப்பி, மேலே தளம் போட்டு விரிவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் அந்தத் தூண்களை ஒட்டியே அடுத்த கட்டத்துக்கு அஸ்திவாரப் பள்ளமும் தோண்டினார்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கும் பொறுமை யாருக்கும் இல்லை. பள்ளம் தோண்டிய ஜேசிபியை ஓட்டியவர் சாமுவேல், செய்யூர்ப் பக்கத்து ஊர்க்காரர். ஒரு பிற்பகலில் முன்தளம் விழுந்தது. அதன் கீழே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் இறந்தார்கள். ஜேசிபியின் கை ஒடிந்தது. சாமுவேல் கேபினுக்குள் இருந்ததால் பிழைத்தார். பிழைத்த கையோடு கைதும் ஆனார்.

அது விழுந்ததை, தூரத்தில் இன்னொரு விடுதியின் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் செல்போனில் எடுத்திருந்தார். ஏன் எடுத்தார் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் ஜேசிபி தோண்டுவதை வேடிக்கை பார்க்கக் காரணம் தேவையில்லை.

வீடியோவில் தெரிவது இதுதான்: ஜேசிபியின் மண் அள்ளும் பக்கெட் மேலே எழும்புகிறது. தளத்தின் வலது ஓரத்துக்குக் கீழே இருக்கும் பீமில் படுகிறது. அதே கணத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். தளம் கீழே வருகிறது. தூண்கள் பச்சை வலைக்குப் பின்னால் இருந்தன, எனவே எது எப்போது உடைந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. பக்கெட் பட்டது, சத்தம் வந்தது, விழுந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? காவல்துறை அனுப்பிய தாளில் இப்படி எழுதியிருந்தது: 'பக்கெட் மோதியதால்தான் கட்டடம் இடிந்தது என்பதை உறுதி செய்து அறிக்கை தரவும்.' மோதியதா என்று ஆராய்ந்து அல்ல, மோதியதால்தான் என்பதை உறுதி செய்து. இந்த மொழியில் தாள் வந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். நான் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, 'தான்' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு அதே தாள் திரும்பி வந்தது.

சாமுவேல் கொடுத்த வாக்குமூலம் வேறு மாதிரி இருந்தது. "மொதல்ல சத்தம் கேட்டுச்சி. மேல பாத்தா பீமு எறங்குது. கீய ஆளுங்க கீறாங்க. பக்கெட்ட குட்த்து தாங்கிக்கலாம்னு தூக்கனேன்." இதை யாரும் நம்பவில்லை. எனக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்துக் கட்டட வேலைகளில் பக்கெட்தான் ஏணி, பக்கெட்தான் கிரேன். சாரம் சாய்ந்தால் முட்டுக்கொடுப்பதும் பக்கெட்தான். செய்யக்கூடாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அந்தப் பலகையை ஆணியடிக்க ஆளைத் தூக்கிவிட்டதும் பக்கெட்டாகத்தான் இருக்கும். ஆனால் நம்பத்தக்கது என்பது வேறு, நடந்தது என்பது வேறு. அதை அளந்து சொல்வதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

சாமுவேலின் மனைவி கலையரசி ஒரு நாள் கூடத்துக்கே வந்துவிட்டார். அணுபுரம் குடியிருப்பில் வீட்டு வேலை செய்பவர். 'அந்த வீடியோவை ஃபிசிக்ஸ் லேபில்தான் பார்க்கிறார்கள்' என்று அவர் வேலை செய்யும் வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரவேற்பறையில் பிடித்துக்கொண்டார்.

"மேடம், வீடியோவ பாத்தீங்களா?"

"வழக்குல சம்பந்தப்பட்டவங்ககிட்ட நான் பேசக் கூடாதும்மா."

"பேசாதீங்க. பாத்தீங்களா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க."

"பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"இன்னும் பாத்துகினே கீறீங்களா? டிவில ஒரு நிமிசத்துல பாத்து முட்ச்சிட்டாங்க. பட்ச்சவங்களுக்கு இன்னா மேடம் இவ்ளோ நேரம்? அங்க எங்க வூட்டுக்காரு ஜெயில்ல குந்திகினு கீறாரு. ரெண்டு உசுர எடுத்துட்டேன்னு ஊரே சொல்லுது. சோறு எறங்கல அவருக்கு."

காவலாளி வந்து அவரை வெளியே அழைத்துப் போக வேண்டியிருந்தது. போகும்போது, "ஸோக்கா பாருங்க! இன்டர்வெல்லு வுட்டா சொல்லியனுப்புங்க!" என்று கத்திவிட்டுப் போனார். அந்தப் பேச்சுக்கு நான் தகுதியானவள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டதில் தவறு என்ன இருக்கிறது என்றும் யோசித்தேன்.

எந்த வீடியோவிலும் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். படம் மெதுவாக்கப்பட்டதா, வேகமாக்கப்பட்டதா என்று தெரியாமல் ஒரு கோடு கூட அளக்கக் கூடாது. நல்ல வேளையாக, விழும் எந்தப் பொருளும் தன் கடிகாரத்தைத் தானே கொண்டுவருகிறது. அந்த முன்தளத்தின் மேல் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தளம் சாய்ந்தபோது அது விளிம்பைத் தாண்டி, எதிலும் இடிக்காமல் தரைக்கு வந்தது. எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்று தெரியும். எத்தனை படச்சட்டங்களில் விழுந்தது என்று எண்ணினேன். கல் விழ வேண்டிய வேகத்தில்தான் விழுந்திருந்தது. அப்படியானால் படத்தின் கடிகாரம் சரி.

அடுத்தது சத்தம். இங்கேதான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். படமும் சத்தமும் ஒன்றாகக் கிளம்பினாலும் ஒன்றாக வந்து சேர்வதில்லை. ஏரிக்கு அக்கரையில் யாராவது துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழும்போது சத்தம் இல்லை, கை மேலே போன பிறகுதான் 'தொப்' என்று கேட்கும். இந்த வீடியோவிலும் அப்படி ஒருவர் இருந்தார். இடிந்த கட்டடத்துக்குப் பக்கத்துச் சிற்பக் கூடத்தின் வாசலில் ஒரு கல்தச்சர் பெரிய கருங்கல்லைச் சம்மட்டியால் பிளந்துகொண்டிருந்தார். சம்மட்டி கல்லில் இறங்கும்போது அமைதி. அது திரும்பவும் தலைக்கு மேலே ஏறும்போது 'ணங்'. கட்டடம் விழுவதையே எல்லோரும் பார்த்ததால் அவரை ஒருவரும் பார்க்கவில்லை.

சம்மட்டியின் சத்தம் இரண்டு வினாடி தாமதமாக வந்தது. அப்படியானால் 'டமார்' சத்தமும் இரண்டு வினாடி தாமதமாகத்தானே வந்திருக்க வேண்டும்? இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. பக்கெட் பட்ட கணத்தில் நமக்குக் கேட்டது, பக்கெட் படுவதற்கு இரண்டு வினாடி முன்பே உடைந்த ஒன்றின் சத்தம். சாமுவேல் சொன்னது சரி.

இந்த இடத்தில் பேனாவைத் திறந்து அறிக்கை எழுதத் தோன்றும். திறக்காதீர்கள். அந்த மொட்டை மாடியிலிருந்து சிற்பக் கூடம் வரைக்கும் வரைபடத்தில் தூரம் பார்த்தேன், ஐந்நூற்று இருபது மீட்டர். சத்தம் அதைக் கடக்க ஒன்றரை வினாடி போதும். வீடியோவிலோ இரண்டு. அரை வினாடி கூடுதலாக எங்கிருந்து வந்தது?

"எதிர்க்காத்து அடிச்சிருக்கும் மேடம்," என்றார் அப்போது என்னுடன் இருந்த உதவியாளர்.

"எவ்வளவு காத்து அடிச்சா சத்தம் அரை வினாடி தள்ளிப் போகும்? கணக்குப் போடுங்க."

போட்டார். முகம் மாறியது. கடற்கரை இதுவரை பார்த்த எந்தப் புயலும் போதாது. அப்படி ஒரு காற்று அடித்திருந்தால், வீடியோவின் ஓரத்தில் கொடியில் தெரிந்த படுக்கை விரிப்பு அவ்வளவு சாவதானமாக ஆடிக்கொண்டிருக்குமா? காற்றின் மேல் பழி போடுவது நம் தொழிலில் ஒரு பழைய நோய். யாரோ சத்தத்தை நகர்த்தியிருக்கிறார்கள் என்பதுதான் பொருள்.

இன்ஸ்பெக்டரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். கெட்ட மனிதர் அல்ல, களைத்த மனிதர்.

"மேடம், சுத்தி வளைக்காதீங்க. டிரைவர் ஒடைச்சாரா, இல்லையா?"

"சத்தம்தான் முதல்ல. ஆனா நீங்க அனுப்பின குறுந்தகடுல ஒலி நகர்த்தப்பட்டிருக்கு. அரை வினாடி."

"ஒன்றரை செகண்டோ ரெண்டு செகண்டோ, எப்படிப் பார்த்தாலும் சத்தம் முன்னாடிதானே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு அந்த அரையக் கிளறிக்கிட்டு? அந்தாளு வெளியே வந்துடுவாரு, நீங்களும் நிம்மதியா இருப்பீங்க. 'எடிட் செஞ்சது'ன்னு எழுதினா மொத்த வீடியோவும் குப்பைக்குப் போகும், எனக்கு மெமோ வரும். அந்தாளுக்கு இருக்கற ஒரே சாட்சி இதுதான் மேடம். அதையும் நீங்களே ஒழிச்சுடாதீங்க."

கவனியுங்கள். இதுதான் உங்களுக்கு வரப்போகிற நெருக்கடி. அதட்டல் வராது, இரக்கம் வரும். விட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றும்படி வரும். இடிபாட்டில் தப்பித்தவர்கள் என்று காவல்துறை பிடித்துவைத்திருந்த மற்ற சாட்சிகள் அனைவரும் பக்கெட்தான் இடித்தது என்று சொல்லியிருந்தார்கள். வீடியோ போய்விட்டால் சாமுவேலுக்கு எதுவும் மிஞ்சாது. அது எனக்கும் தெரியும். ஆனால் நான் கண்டுபிடித்த அரை வினாடியை விடுதி உரிமையாளரின் வழக்கறிஞர் கண்டுபிடிக்க மாட்டாரா? அவருக்கும் ஒரு நிபுணர் கிடைப்பார். அன்றைக்குக் கூண்டில் நின்று நான் திருதிருவென்று விழிப்பேன், சாமுவேல் திரும்ப உள்ளே போவார். எனவே மறுத்துவிட்டேன். முதலில் எடுத்த அசல் பதிவு வேண்டும் என்றேன். "அந்த போன் தொலைஞ்சு போச்சாம்," என்று சொல்லி இன்ஸ்பெக்டர் வைத்துவிட்டார்.

குறுந்தகட்டின் உறையில் செங்கல்பட்டு ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை இருந்தது. காவல் நிலையத்துக்கு வழக்கமாக நகல் போட்டுக் கொடுக்கும் இடம். அந்த ஊழியர் செல்போனிலிருந்து அனுப்பியிருந்த பதிவை இங்கேதான் குறுந்தகடாக்கியிருந்தார்கள்; தொலைக்காட்சிக்குப் போனதும் அதன் நகல்தான். பிழைப்பு என்னவோ கல்யாண வீடியோதான். இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். சுவர் முழுவதும் மாலை மாற்றும் தம்பதிகள். ஸ்டுடியோக்காரர் எங்களை மகிழ்ச்சியோடு உட்காரவைத்தார்.

"ஆமா மேடம், நான்தான் போட்டேன். சவுண்டு கொஞ்சம் அவுட்டா இருந்திச்சி. சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணீங்களா?"

"பின்ன? டமார்னு சத்தம் மொதல்ல வந்துடுது, பக்கெட்டு அப்பறமா போயி படுது. பாக்கவே அசிங்கமா இருந்திச்சி. ரெண்டத்தையும் கரெக்டா ஒக்காரவெச்சேன். தாலி கட்டறப்ப கெட்டிமேளம் முன்னாடியே கொட்டிட்டா எப்டி இருக்கும்? பொண்ணு வூட்ல வுட்ருவாங்களா? டெய்லி அதத்தான் மேடம் செஞ்சிகினு கீறேன்."

"யார் செய்யச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஸ்டேசன் வேலையாச்சே, நீட்டா இருக்கட்டும்னு நானே பண்ணேன். எக்ஸ்ட்ரா கூட கேக்கல."

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மனிதரை இரட்டைக் கொலைகாரராக ஆக்கிய அந்த 'அதே கணம்' ஒரு கல்யாண வீடியோக்காரரின் நேர்த்தியால் வந்தது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. சதி செய்பவர்களை நான் ஆயுளில் இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். கேட்காமலே உதவி செய்பவர்களை வாரத்துக்கு ஒருவராகப் பார்த்திருக்கிறேன். சாட்சியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இவர்கள்தான்.

அசல் இல்லாமல் இனி ஓர் அடியும் நகர முடியாது. எப்படியும் தூரத்தை நேரில் அளக்க வேண்டும் என்பதால் மாமல்லபுரத்துக்குப் போனோம். அந்த மொட்டை மாடியில் வீடியோ எடுத்த ஊழியர் பாபு அன்றைக்கும் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் முக்காலியை நிறுத்தி அளவுக் கருவியைப் பொருத்தியதுதான் தாமதம், இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து எங்களைப் படம்பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

"இது புது போனா பாபு?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், மூணு வர்சமா வெச்சிகினு கீறேன். கேமரா இன்னும் சூப்பரா கீது, பாருங்க."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். "தொலைஞ்சு போச்சுன்னியே?"

பாபு போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "குட்த்தா எப்ப சார் திரும்ப வரும்? கேஸு முட்ச்சி என் காரியத்துக்கு வரும். எங்க மச்சான் வண்டிய ஸ்டேசன்ல வெச்சிகினாங்க, அதுல இப்ப செடி மொளச்சி கீது. இதுலதான் எனக்கு டூட்டி சொல்றாங்க, இதுலதான் ஊர்ல கீற எங்கம்மாவ பாக்கறேன். எவனோ கட்டன வூடு வுய்ந்ததுக்கு நான் எதுக்கு சார் பேஜாரு படணும்?"

இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்த ஆரம்பித்தார். நான் நடுவில் புகுந்து, போனை எடுத்துப் போக மாட்டோம், இங்கேயே, உன் கண் முன்னாலேயே முறைப்படி நகல் எடுத்து, நீயும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்போம் என்றேன். விதிக்கு அது போதும். ஆனால் அந்த வழி இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் ஸ்டுடியோவும் இல்லை, குறுந்தகடும் இல்லை, சாமுவேல் சிறையில் கழித்த மாதங்களும் இல்லை.

அன்றே அந்தக் கல்தச்சரிடம் கேட்டு, அதே இடத்தில் நின்று சம்மட்டியால் அடிக்கச் சொன்னோம். பாபு அதே போனில், அதே மூலையிலிருந்து படம்பிடித்தார். இந்த முறை அதிகாரபூர்வமாக என்பதால் முகத்தில் ஒரு கம்பீரம். ஒன்றரை வினாடி. அசல் பதிவிலும் ஒன்றரை வினாடி. அசலில் 'டமார்' சத்தம் பக்கெட் படுவதற்கு அரை வினாடி முன்பே கேட்டது. பயண நேரத்தையும் கழித்தால், உடைந்தது பக்கெட் படுவதற்கு இரண்டு வினாடி முன்பு. கணக்கு இப்போது எல்லாப் பக்கமும் மூடியது. அசலில் படம் தெளிவு என்பதால் இன்னொன்றும் தெரிந்தது. பக்கெட் அசைவதற்கு முன்பே, தளத்தின் வலது பக்கம் கீழே நின்ற ஒரு சித்தாள் தலையில் இருந்த பாண்டுச் சட்டியைப் போட்டுவிட்டு மேலே பார்க்கிறார். அங்கே இருந்தவர்களுக்குச் சத்தம் உடனே கேட்டுவிட்டது. நமக்குத்தான் தாமதம்.

அறிக்கையை முடிக்கும் முன் தளத்தின் இரண்டு மூலைகளும் எப்படி விழுந்தன என்றும் அளந்து பின்னிணைப்பில் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஏற்படுத்திய பழக்கம் அது. ஒரு வீடியோவைத் திறந்தால் அதில் நகரும் அனைத்தையும் அளந்துவிட்டுத்தான் மூட விடுவார். "கேள்வி கேட்கறவனுக்கு எதைக் கேட்கணும்னு தெரியாதும்மா," என்பார். அவருடைய மற்ற பழக்கங்கள் எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது சாமுவேல் ஜாமீனில் இருந்தார். தூண்களை ஒட்டிப் பள்ளம் தோண்டச் சொன்னதற்காக விடுதி உரிமையாளரையும் தளப் பொறியாளரையும் சேர்த்திருந்தார்கள். ஆனால் சாமுவேலை விடவில்லை. மூன்று பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். செங்கல்பட்டு நீதிமன்றத்தில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். உரிமையாளரின் வழக்கறிஞர் முதலில் எழுந்தார்.

"சத்தம் இந்த வேகத்துலதான் போகும்னு புஸ்தகத்துல இருக்கலாம். மாமல்லபுரத்துக் கடல் காத்துல அப்படித்தான் போகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போய் அளந்தேன்."

"குறுந்தகடு திருத்தப்பட்டதை மறைச்சீங்க."

"அறிக்கையோட முதல் பக்கத்துல இருக்கு."

முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அந்த அரை வினாடியை நான் விழுங்கியிருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சாமுவேலின் வழக்கறிஞர். இளைஞர், வெற்றி கைக்கு எட்டிய உற்சாகத்தில் இருந்தார். "ஆக, இந்த பக்கெட் அந்தக் கட்டடத்தை ஒண்ணுமே செய்யல. அப்படித்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம்."

சாமுவேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் கலையரசி. 'ஆமாம்' என்று சொல்ல எவ்வளவு எளிதாக இருந்தது தெரியுமா?

"இல்லை," என்றேன். "செய்தது."

வழக்கறிஞரின் முகம் செத்தது. "மேடம், நீங்க கேள்வியச் சரியாப் புரிஞ்சுக்கல."

"புரிஞ்சது. ஒண்ணுமே செய்யலன்னு சொன்னா அது பொய்."

பின்னால் கலையரசி, "அட நாசமா போவ," என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "என்ன செய்ததுன்னு சொல்லுங்க."

பின்னிணைப்பைப் பார்க்கச் சொன்னேன். தளத்தின் இடது மூலை, தடுக்க எதுவும் இல்லாததால், தண்ணீர்த் தொட்டியைப் போலவே நேராக விழுந்தது. இறந்த இருவரும் அந்தப் பக்கம் இருந்தார்கள். வலது மூலையின் கீழே பக்கெட் இருந்தது. அந்த மூலை அதே வேகத்தில் விழவில்லை. பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, ஜேசிபியின் கையை மடக்கி, அது ஒடிந்த பிறகே தரைக்கு வந்தது. இடது மூலை தரையைத் தொட்டதற்கும் வலது மூலை தொட்டதற்கும் இடையே முக்கால் வினாடி. அந்த முக்கால் வினாடிக்குள், பாண்டுச் சட்டியைப் போட்டுவிட்டு மேலே பார்த்த பெண் வலது ஓரத்திலிருந்து வெளியே ஓடி வருவது படத்தில் தெரிகிறது. அவர் தாண்டிய இடத்தில்தான் அடுத்து தளம் இறங்கியது.

"அந்த முக்கால் வினாடி இல்லைன்னா?" என்று நீதிபதி கேட்டார்.

"தளம் அவர் மேலே விழுந்திருக்கும்."

"அந்தப் பெண் யார்? சாட்சியா விசாரிச்சீங்களா?"

அரசு வழக்கறிஞர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகியிருந்தார். புதியவர் கோப்பைப் புரட்டினார், திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை. மேஸ்திரி கூட்டிவந்த ஆட்களில் ஒருவராக இருக்கலாம், அன்று மாலையே ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். இடிபாட்டில் தப்பித்தவர்கள் என்று அத்தனை பேரிடம் வாக்குமூலம் வாங்கியவர்கள், உண்மையாகவே அதன் கீழிருந்து தப்பித்த ஒரே ஆளின் பெயரைக் கேட்டு எழுதவில்லை. என் அறிக்கையிலும் அவர் 'நபர் 3'தான்.

பிறகு வந்த தீர்ப்பில் சாமுவேல் விடுவிக்கப்பட்டார். மற்றவர்களுக்கு என்ன ஆனது என்பதைக் கோப்பில் படித்துக்கொள்ளலாம். சாட்சி சொன்ன அன்று நடைக்கூடத்தில் நடந்தது கோப்பில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கலையரசிதான் முதலில் வந்தார். "இத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா மேடம்? மன்சு எப்டி அட்ச்சிகிச்சி தெர்யுமா? எங்க கால வாரி வுட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப யாரும் கேக்கலம்மா."

"நல்லா கீதே! கேட்டாதான் சொல்வீங்களா?"

சாமுவேல் அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை, தாளில்தான் படித்திருந்தேன்.

"செத்துப்போனவங்க ரெண்டு பேரு பேரும் எனக்குத் தெர்யும் மேடம். உள்ள இருந்தப்ப தெனம் அந்தப் பேரத்தான் சொல்லிகினு இருப்பேன். இந்தம்மா பேரு இன்னா?"

"தெரியலப்பா. யாரும் எழுதி வைக்கல."

"எந்த ஊருன்னாவது?"

"தெரியல."

"வீடியோல அந்தம்மா வர்ற எடத்த மட்டும் ஒரு போட்டோவா தர முடியுமா?"

அது நீதிமன்றச் சான்று, நான் தரக் கூடாது. வழக்கறிஞரை வைத்து நகல் மனு போட வேண்டும், வருவதற்கு நாளாகும் என்றேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏமாறக் கூடாதே என்று இன்னொன்றும் சொன்னேன்: "அதுல முகம் தெரியாது சாமுவேல். முதுகுதான். ஓடிக்கிட்டு இருக்காங்க."

"ஓடறது தெரியுதுல்ல மேடம், அது போதும்," என்று சொல்லிவிட்டு, மனு எழுதித் தரச் சொல்லி வழக்கறிஞரைத் தேடிப் போனார்.